விடுதலைப் பத்திரம்

பதினாறு நாள் லீவு.
நாற்பத்தோராம் நாளும் இங்கேதான் இருந்தேன்.

வெள்ளகோவில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை பெஞ்சில்
பத்திர எழுத்தர் நாச்சிமுத்து
என் பங்கு ஒண்ணேகால் ஏக்கரை
நாலு எல்லையோடு அடித்து வைத்திருந்தார்.
வடக்கே கிளை வாய்க்கால்.
தெற்கே இட்டேரி.
கிழக்கும் மேற்கும் ஏற்கெனவே அண்ணனுடையது.

கையெழுத்துப் போட ஆள் இருந்தேன்.
ஆள் நான்தான் என்று காட்ட
பாஸ்போர்ட் இல்லை.
"ஆதாருங்க?"
"அது வர்றதுக்கு முன்னாடியே போயிட்டேனுங்க."

பாஸ்போர்ட் சென்னையில்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
பதினாலு வருசமாகப் பார்க்கிற வேலையை
நாலு வரியில் சொல்லச் சொன்னான் ஒரு பையன்.
எனக்குச் சொல்ல வரவில்லை.
இன்னும் பரிசீலிக்கணும் என்று
சிரித்துக்கொண்டே ஒரு சீட்டு நீட்டினான்.
சிரித்துக்கொண்டே நானும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது வக்கீல் டெபரா சொன்னாள்:
"பரோலுக்கு எழுதிப்போட்டால் மாசக்கணக்கில் ஆகும்.
வேலை விசாவிலேயே போய் வா.
முத்திரைக்கு ஒரு வாரம், அதிகம் போனால்."
இதை வீட்டில் சொன்னபோது
நங்கைக்கு ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.
"பரோலுன்னா, எங்க சித்தப்பன் மகனுக்கு
கோயமுத்தூர் ஜெயில்ல குடுத்தாங்களே, அதுங்களா?"
அது வேற என்றேன்.
ராத்திரி படுத்து யோசித்தேன்,
எப்படி வேற என்று.

அண்ணனுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.
"தேதி போட்டு வரிசை வெச்சிருக்கான்.
ஒருக்கா என் தேதி வரைக்கும் தெறந்தான்.
எழுதிப் போட்டேன்.
ரெண்டே மாசம். பின்னாடி இழுத்து
மறுபடியும் அடைச்சுட்டான்."
பரம்பிக்குளம் தண்ணிக்குக் கடைமடைக்காரன் அவன்.
மண்டலம் மாறி மண்டலம்,
தாளில் ஏழு நாள், காட்டில் ரெண்டு நாள்.
"மேமடையில எவனோ ட்யூப்பு போட்டிருப்பான்,
போயிப் பாத்தயா?" என்றான்.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போர் போட பேங்கு லோன் கேட்டிருந்தான்.
பட்டாவில் என் பெயர் நிற்கிறவரை
பேங்கு அசையாது.
என் பாஸ்போர்ட் வருகிறவரை
என் பெயர் அசையாது.
இதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
நங்கை மட்டும்
சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்பாள்,
"தாக்கல் ஏதாச்சும் வந்துதுங்களா?"

வியாழன் ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு
எங்கள் முறை.
எப்படியும் முழித்திருக்கிற ஆள் என்று
மம்பட்டியோடு நானும் போனேன்.
அங்கே நறுமுகை
பள்ளிப் பேருந்தைவிட்டு இறங்கும் நேரம்.
போனில் முகம் தெரியவில்லை,
பனிக்குல்லாய்தான் தெரிந்தது.
"அம்மா, நான் வந்து கூட்டிட்டு வரட்டா?
என் பாஸ்போர்ட் நீலக் கலரு.
என்னை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."
"உனக்கு ஒன்பது வயசு, கண்ணு."
"அதனாலதான்."

பதில் தேடுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.
முன்னால் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு,
ஒரு செருப்பு, ஒரு பிராந்தி பாட்டில்,
பின்னால் கறுப்பாக அது.
"வெட்டு, வெட்டு, அக்கட்டால போகுது!"
அண்ணன் கத்தினான்.
போனை வரப்பில் வைத்துவிட்டு வெட்டினேன்.
தண்ணீர் ஓடுகிற சத்தத்தை
அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.
எப்போது வைத்தாளோ தெரியாது.

விடிந்து பார்த்தால் குறுஞ்செய்தி:
கோயமுத்தூரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.
போய் வாங்கி, பக்கம் புரட்டி,
முத்திரையை ரெண்டு தடவை பார்த்து,
ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டு,
சாயங்காலம் நாலு மணிக்கு
அதே ஜெராக்ஸ் கடை பெஞ்சு.

"நிரந்தர முகவரி ஒண்ணு எழுதோணுங்க.
அங்கத்ததுங்களா, இங்கத்ததுங்களா?"
அண்ணன் ரோட்டில் போன
தேங்காய் லாரியைப் பார்த்தான்.
நங்கைதான் சொன்னாள்,
"இங்கத்ததையே போடுங்க.
மாத்தறப்ப மாத்திக்கலாம்."

உள்ளே கட்டைவிரலை வைத்தேன்.
சென்னையில் ஒரே தடவையில் எடுத்த விரல்.
இங்கே இயந்திரம் எடுக்கவில்லை.
"மண்ணு இருக்குதுங்க,
தொடைச்சுட்டு வையிங்க" என்றாள் அந்தப் பெண்.

தொடைத்தேன்.